மார்க்கெட் தெருக் கிட்டங்கி: ஐயாவின் சம்பளச்சீட்டில் இருந்த முகவரி

தேவகோட்டைப் பேத்தி:

பொங்கலுக்கு வெள்ளையடிக்க இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது, தகரப் பெட்டியில் ஐயாவின் (அப்பாவைப் பெற்றவர்) சம்பளச்சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், கிடைத்தது. பிரமாதி வருடம் எழுதியது. மூன்று வருடத்துக்குச் சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று தெளிவாக இருக்கிறது. இடம் 'சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கி'.

"உங்க ஐயா கொண்டுவிக்கப் போயிருந்தாக" (கடல் கடந்து தொழிலுக்குப் போயிருந்தார்) என்பதற்கு மேல் அப்பத்தா எதுவும் சொன்னதில்லை. கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் இடம்தானே? நகரத்தார் வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த நிலை ஆளாக) போனவருக்கு அங்கே என்ன வேலை? என் மகன் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். போய்ப் பார்த்துவிட்டு, தெரு முழுக்கக் கண்ணாடிக் கட்டடம், கேட்டால் யாருக்கும் தெரியவில்லை என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:

வணக்கம் ஆச்சி. எங்கள் அப்பச்சி (அப்பா) 1950களில் அதே தெருவில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாகித் திரும்பியவர். அவர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன்.

பெயர்தான் கிட்டங்கி. சரக்கு எதுவும் கிடையாது. நீளமான கடைவீடு; உள்ளே இருபக்கமும் வரிசையாக விலாசத்துக்கு (வட்டிக்கடை நிறுவனத்துக்கு) ஓர் இடம். ஒரே கூரையின் கீழ் பல விலாசங்கள் தொழில் செய்தன. ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் கடை. பெட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் கணக்கு எழுதுவார்கள். சீனக் கடைக்காரர்கள் முதல் சம்பளக்காரர்கள் வரை கடன் கேட்டு அங்கேதான் வந்து நின்றார்கள். இரவானால் அதே இடத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். சமையல் எல்லோருக்கும் பொது.

அப்பச்சிக்கு விடிவதற்குள் பெட்டியைத் துடைத்து, பேரேட்டை எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி ஒரு காசு உதைத்தாலும் கணக்கு நேராகும் வரை படுக்க முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளை! தூக்கம் வந்தால் மேலாள் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வாராம். நம் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் படம் எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று ஆச்சி. பிரமாதி என்றால் 1939-40. உங்கள் ஐயாவின் மூன்று வருடக் கணக்கு முடியும் காலத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. 1945 வரை கப்பலும் இல்லை, உண்டியலில் (கடைகள் எழுதித் தரும் பணச்சீட்டில்) பணம் அனுப்பவும் வழியில்லை. அவர் எப்போது ஊர் திரும்பினார் என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

கோட்டையூர் வாசகன்:

நான் சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். உங்கள் மகனுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசு அந்தக் கிட்டங்கிகளை எடுத்து இடித்துவிட்டது. சிலர் டேங்க் ரோடு பக்கம் மாறிப் போனார்கள். பிறகு 1984இல் மார்க்கெட் தெருவில் பல மாடிக் கார் நிறுத்தம் வந்தது. 2017இல் அதையும் மூடி, இப்போது அங்கே 51 மாடிக் கட்டடம் நிற்கிறது.

மகனை டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலுக்குப் போகச் சொல்லுங்கள். 1859இல் நம் நகரத்தார் கட்டியது. இப்போதிருக்கும் கட்டடம் 1983இல் எழுந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோவிலுக்குப் போய் வருவார். கிட்டங்கிகள் இருந்த நாளில் அந்த ரதம் மார்க்கெட் தெருவிலும் நிற்கும், பெட்டியை மூடிவிட்டு எல்லோரும் வாசலில் காத்திருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு ரதத்தோடு நடந்து பார்க்கட்டும்.

தேவகோட்டைப் பேத்தி:

அண்ணே, இருவருக்கும் நன்றி. நேற்று அப்பச்சியிடம் கேட்டேன். ஐயா கப்பலேறும்போது அப்பச்சி அப்பத்தா வயிற்றில். ஐயா திரும்பி வந்தது 1946இல். முகப்பில் வந்து நின்றவரை யாரோ விருந்தாளி என்று நினைத்து, அப்பத்தாவைக் கூப்பிட அடுப்படிக்கு ஓடினாராம். ஆறு வயது. இவ்வளவு நாளும் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. சம்பளச்சீட்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். மகன் தைப்பூசத்துக்கு லீவு போடுகிறானாம்.