வணிகக் கட்டட அனுமதி: கோப்பு எங்கே போய் மாட்டுகிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பெரிய நகரங்களில் வணிகக் கட்டடங்களுக்கு அனுமதி வாங்கித் தரும் வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். கடைகள், அலுவலகங்கள், கிடங்குகள், இரண்டொரு சிறிய மருத்துவமனைகள். கட்ட வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "எவ்வளவு நாளாகும்?" என்றுதான். "உள்ளே என்ன நடக்கப்போகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும், வரட்டும். அந்தப் பதில் உறுதியாகாமல் வரைபடம் போடத் தொடங்கினால் பாதியை அழித்துத்தான் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐபிசி (International Building Code) என்ற கட்டட விதித்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1500 சதுர அடியை அலுவலகம் என்று காட்டினால் ஆளுக்கு 150 சதுர அடி வீதம் 10 பேர். அதே 1500 சதுர அடியில் மேசை நாற்காலி போட்டு சாப்பாட்டுக் கூடம் என்று காட்டினால் ஆளுக்கு 15 சதுர அடி, அதாவது 100 பேர். 49 பேரைத் தாண்டிய உடனே இரண்டாவது வெளியேறும் வழி கேட்பார்கள், கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும், சாப்பாட்டுக் கூடம் போன்ற இடமானால் கைப்பிடியைத் தேடாமல் உடம்பால் தள்ளினாலே திறக்கும் கம்பியும் வேண்டும். வேறு நாடுகளில் எண்கள் மாறும், கணக்கு போடும் விதம் பெரும்பாலும் இதுதான்.

நான் பார்த்ததிலேயே மிக மோசமாக இழுத்தடித்த கோப்பு இந்த விஷயத்தில்தான் மாட்டியது. மேல்தளம் அலுவலகம் என்று எல்லா வரைபடமும் தயாரான பிறகு, அதை விழாக்கூடமாக மாற்றினால் வாடகை கூடும் என்று உரிமையாளருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கட்டடக் கலைஞர் தன் தாளில் பெயரை மட்டும் மாற்றினார். தீயணைப்புப் பரிசீலனையில் இரண்டாவது மாடிப்படி கேட்டார்கள். படி என்றால் அது ஒரு தளத்தோடு நிற்காது, கீழ்த்தளம் வரை வர வேண்டும், எல்லாத் தளத்திலும் இடத்தைத் தின்னும். தரைப்பரப்புக் கணக்கு மாறியது, ஆள் கூடுவதால் வாகன நிறுத்தக் கணக்கும் மாறியது, அப்புறம் கட்டமைப்புப் பொறியாளர் வந்து தூண்களே போதாது என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அலுவலகத் தளம் சதுர அடிக்கு 50 பவுண்டு தாங்கினால் போதும், இருக்கைகளை நகர்த்தக்கூடிய கூட்ட அரங்கு 100 பவுண்டு தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் அடிப்படை அளவு. ஒரே ஒரு பெயர் மாற்றம், நான்கு துறை வரைபடங்களும் செல்லாமல் போயின.

அதனால் இப்போதெல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே தோராய வரைபடத்தோடு தீயணைப்புத் துறையையும் திட்டப் பிரிவையும் போய்ப் பார்த்துவிடுகிறேன். பல நகரங்களில் இதற்கென்றே முன் ஆலோசனைக் கூட்டம் உண்டு, கேட்டால் நேரம் ஒதுக்குவார்கள். அங்கே பேசியதை அன்றைக்கே எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.

உங்களுக்கு எங்கே தடைப்பட்டது, எப்படி வெளியே வந்தீர்கள்? எழுதுங்கள்.

* * *

சார், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். வரைபடப் பரிசீலனைப் பிரிவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. கோப்பைத் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது பரப்பளவு அட்டவணையை. அதில் உள்ள கூட்டுத்தொகையும் தாளில் உள்ள அளவுகளும் ஒத்துப்போகாவிட்டால் மற்றதைப் படிக்கும்போதே சந்தேகத்தோடுதான் படிப்போம், அது மனித இயல்பு. அடுத்தது தாள்களுக்கு இடையிலான முரண். கட்டடக் கலைஞரின் தாளில் மாடிப்படி வடக்கே இருக்கும், கட்டமைப்புத் தாளில் கிழக்கே, தீயணைப்புத் தாளில் அந்தப் படியே இருக்காது. மூன்று பேரும் மூன்று தேதிகளில் வரைந்திருப்பார்கள். கடைசியாக ஒருவர் உட்கார்ந்து எல்லாத் தாளிலும் ஒரே திருத்த எண்ணும் ஒரே தேதியும் இருக்கிறதா என்று பார்த்தாலே குறைகளில் பெரும்பகுதி வராது.

குறை எழுதித் திருப்பி அனுப்பியதும் பலர் செய்வது, எல்லா வரைபடத் தாள்களையும் புதிதாக அச்சடித்து "திருத்தப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது. எதைத் திருத்தினார்கள் என்று நாங்கள் தேட வேண்டும், அந்தக் கோப்பு வரிசையில் பின்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு குறைக்கும் நேராக உங்கள் பதில், எந்தத் தாள், எந்த இடம் என்று எழுதுங்கள். மாற்றிய இடத்தைச் சுற்றி வட்டமிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியேறும் கதவு பற்றிக் கேட்டால் "இதெல்லாம் சும்மா இழுத்தடிக்கிறீர்கள்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் விக்டோரியா ஹால் படிக்கட்டின் அடியில், உட்பக்கம் திறக்கும்படி வைத்துத் தாழிட்டிருந்த ஒரு கதவுக்குப் பின்னால் 183 குழந்தைகள் நசுங்கி இறந்தார்கள். 1911இல் நியூயார்க் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர், அங்கேயும் ஒரு கதவு பூட்டியிருந்தது. ஆட்கள் செத்த பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. அந்த ஒரு கேள்வியில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

* * *

நான் கட்டுகிறவன் இல்லை, வாடகைக்கு எடுத்தவனின் தம்பி. அண்ணன் ஒரு பெரிய கடைக்கட்டடத்தில் ஒரு தளம் எடுத்து இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) நிலையம் வைக்க நினைத்தார். உள்வேலைக்கு அனுமதி கேட்டுப் போனபோதுதான் அந்தக் கட்டடத்துக்கே நிறைவுச் சான்று, அதாவது அனுமதித்தபடி கட்டி முடித்ததற்கான சான்று, கிடையாது என்று தெரிந்தது. உரிமையாளர் அனுமதித்த வரைபடத்தில் இல்லாத ஒரு இடைத்தளத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அது சரியாகாமல் உள்ளே யாருக்கும் பயன்பாட்டு மாற்றம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டதால் வாடகை மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வாடகை ஒப்பந்தம் போடும் முன் அனுமதித்த வரைபடத்தின் நகலையும் நிறைவுச் சான்றையும் கையில் வாங்கிப் பாருங்கள், கட்டடத்துக்குள் போய் ஒப்பிட்டும் பாருங்கள். முடிந்தால் "அனுமதி கிடைத்த நாளிலிருந்து வாடகை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல உரிமையாளர் ஒத்துக்கொள்வார். மறுக்கிறவர் ஏன் மறுக்கிறார் என்பதை விசாரியுங்கள்.

* * *

அம்மா, நீங்கள் எழுதிய அந்தக் குறை-பதில் முறையை என் அலுவலகத்தில் அச்சடித்து ஒட்டப்போகிறேன். தம்பி, அண்ணனுக்கு நடந்தது ரொம்ப அநியாயம். வழக்கறிஞர் மூலம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பினீர்களா? இல்லையென்றால் தாமதிக்காதீர்கள்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே விஷயம் கேட்டிருந்தார்கள், உலக வங்கியின் தரவரிசையில் கட்டட அனுமதிக்குப் போட்டிருந்த நாட்கணக்கை நம்பி வங்கிக் கடன் அட்டவணை போடலாமா என்று. போடாதீர்கள். டூயிங் பிசினஸ் என்ற அந்த அறிக்கையை 2021இல் தரவுகளில் முறைகேடு தெரிய வந்து நிறுத்திவிட்டார்கள். அது நடந்துகொண்டிருந்த காலத்திலும் அளந்தது என்னவென்றால், 1300.6 சதுர மீட்டரில் இரண்டு தளம் கொண்ட ஒரு மாதிரிக் கிடங்கு. நாடுகளை ஒப்பிட அது பயன்பட்டிருக்கலாம். நிலத்தடி வாகன நிறுத்தம், சமையலறை, மின்தூக்கி எல்லாம் உள்ள உங்கள் கட்டடத்துக்கு அந்த எண் பொருந்தாது. உங்கள் நகரத்திலேயே சமீபத்தில் அதே வகைக் கட்டடம் முடித்த ஒருவரிடம் கேட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள்.

தரகர் பற்றியும் கேட்டார்கள். ஆவணம் சேர்த்துத் தருகிறவர், வரிசையில் நிற்கிறவர் என்றால் அது உழைப்பு, கூலி கொடுங்கள். "வரைபடத்தில் குறை இருந்தாலும் நான் தாண்டி வாங்கித் தருகிறேன்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் தாண்டியது நிறைவுச் சான்று சமயத்தில் தரையில் நேரில் அளக்கும்போது வெளியே வரும், அப்போது அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார், இடிப்புச் செலவு உங்களுடையது.

அனுமதி கையில் வந்த பிறகும் கவனம் வேண்டும். கம்பி கட்டியதும் காங்கிரீட் போடும் முன், குழாய் வயர் இழுத்ததும் பொய்க்கூரை மூடும் முன், ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய கட்டங்கள் பல நகரங்களில் உண்டு. அந்தப் பட்டியலை முதல் நாளே வாங்கி மேஸ்திரியிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கீழ்த்தளம் மட்டும் தயார், மேலே வேலை நடக்கிறது என்ற நிலைமை வந்தால் பகுதியளவோ தற்காலிகமாகவோ பயன்பாட்டுச் சான்று தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில நகரங்களில் தருகிறார்கள், நான் அப்படி வாங்கியும் கொடுத்திருக்கிறேன், கடை திறக்க முடிந்தால் கடன் தவணைக்கு அதுவே பெரிய துணை.