தாழியை யார் தூக்கி வந்தது? கொந்தகை முதல் கீழடி வரை ஒரு நடை

கீழடிக்கு நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் காரில்தான். அருங்காட்சியக வாசலில் இறங்குவது, உள்ளே ஒரு சுற்று, வெளியே வந்து ஒரு இளநீர், திரும்ப மதுரை. போன மாசியில் அத்தையோடு திருப்புவனம் பஸ்ஸில் போனதால்தான் நடக்க நேர்ந்தது.

அத்தைக்கு 72 வயது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவர். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் அது. அவர் வீட்டுக்குப் பின்தெருவிலேயே சூளை உண்டு. அருங்காட்சியகத்தில் நான் தந்தத்தில் செய்த சீப்பு, பகடைக்காய், 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் கீறிய ஓடு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறேன், அவர் கொந்தகைத் தாழி (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை) முன்னால் நின்றவர் நின்றவர்தான். இடுப்புயரம். வாய் அகலம், அடி குறுகல்.

"இதைச் சூளையில வெடிக்காம எடுத்ததே பெரிசு. இதை யாரு தூக்கிட்டு வந்தா, எம்புட்டுத் தூரம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சரி, நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

தெரியாதவர்களுக்கு: கீழடி மக்கள் வாழ்ந்த இடம், கொந்தகை அவர்களைப் புதைத்த இடம். கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் தோண்ட ஆரம்பித்தது. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் நடந்த வேலை அது. நாலாம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. கொந்தகையில் கைவைத்தது 2020இல். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. கல்லில் எழுப்பிய பிரம்மாண்டம் எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். தென்னந்தோப்பு, சீமைக்கருவேலம், வரப்பு, ஒன்றிரண்டு தகரக் கொட்டகை, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் காலுக்குக் கீழே.

ஈமக்காட்டுப் பக்கம் போய்விட்டுத் தோப்பு வழியாகத் திரும்பும்போது வரப்போரம் ஒரு ஓடு கிடந்தது. உள்ளங்கை அளவு. வெளிப்பக்கம் செங்கல் சிவப்பு, உள்பக்கம் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மாதிரி கறுப்பு, விரலை வைத்தால் வழுக்குகிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் படாது. உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுத்துப்போகும், நெருப்பும் காற்றும் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். கறுப்பு சிவப்புப் பானை என்று புத்தகத்தில் படித்ததை அத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "கவுத்திப்போட்டுச் சுட்டது." அதை அதே இடத்தில் வைத்துவிட்டோம். தயவுசெய்து நீங்களும் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு ஓடு என்று பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வருகிறது.

தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"என்ன தம்பி, தொல்லியலா?"

"இல்லைங்கய்யா, சும்மா நடக்க வந்தோம்."

"சும்மாவா? இந்த வெயில்லயா?"

அத்தை தன் கேள்வியை அவரிடமும் கேட்டார். தாழியை எப்படித் தூக்கி வந்திருப்பார்கள்? அவர் யோசிக்கவே இல்லை.

"அது மதமதக்கத் தாழி ஆத்தா. அந்தக் காலத்துல வயசானவுக சாக மாட்டாக. சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை கணக்கா ஆயிருவாக. வீட்டுல வச்சுப் பார்க்க முடியாம, தாழிக்குள்ள உக்கார வச்சு, சோறும் விளக்கும் வச்சு மூடிருவாக. வெறுந்தாழியத்தான் தூக்கியாந்திருப்பாக. ஆளு தவழ்ந்தே வந்திருப்பாரு."

"நல்ல வேளை, நான் இப்பப் பொறந்தேன்" என்றார் அத்தை.

கதையை நானும் சிறு வயதில் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். எலும்புகள் சொல்வது வேறு. ஆளை முதலில் வேறெங்கோ கிடத்தி, பிறகு எலும்புகளை மட்டும் சேகரித்துத் தாழியில் இடுகிற வழக்கம் உண்டு. கொந்தகையில் தாழி இல்லாமல் நேராகக் குழியில் நீட்டிப் படுக்கவைத்த எலும்புக்கூடுகளும் கிடைத்தன, குழந்தைகளுடையதும் அதில் உண்டு. ஆனால் அந்தத் தோப்பில் நின்றுகொண்டு இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கீழடித் திடலுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது, அதுவும் அத்தை இரண்டு இடத்தில் உட்கார்ந்ததால். சாவு வீட்டுக்காரர்களுக்கு நடக்கக்கூடிய தூரம்தான். தாழியோடு என்றால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களில் யாராவது இந்த மாதிரி இடங்களுக்கு நடந்து போயிருந்தால் எழுதுங்கள்.

* * *

நான் வத்தலக்குண்டு. எங்கள் பக்கம் நான் பார்த்தது தாழி இல்லை, கல்திட்டை. தாண்டிக்குடிக்கு மேலே காபித் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். மூன்று பக்கம் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். உள்ளே ஒரு ஆள் குத்தவைத்து உட்காரலாம். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். ஆங்லேடு பாதிரியாரும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியது 1928இலேயே வந்துவிட்டது, பேராசிரியர் கா. ராஜன் 2004-05இல் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்.

ஒரு திட்டையிலிருந்து அடுத்ததற்கு ஐந்து நிமிட நடை என்றுதான் சொன்னார்கள். பாதி வழியில் மிளகுக்கொடிக்குப் பின்னால் காட்டுமாடு. முட்டிக்குக் கீழே வெள்ளை, மற்றபடி முழுக்கக் கறுப்பு, வேன் அளவு. கூட வந்த தோட்டத்து அண்ணன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "பேசாதீங்க, ஓடாதீங்க" என்றார். அந்த ஐந்து நிமிட நடைக்கு எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் முதல் திட்டையின் மூடுகல்லைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். பாறை மேல் தீ மூட்டிச் சூடாக்கினால் அப்பளம் மாதிரிப் பலகை பலகையாக உரியும்; கல்லுடைக்கிறவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். உரித்தது சரி, அந்தச் சரிவில் மேலே ஏற்றியது எப்படி? உங்கள் அத்தை கேள்வியேதான்.

* * *

இது நடை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் மதுரைக்குள்ளேயே, அனுப்பானடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் எங்கள் ஊரில் தாழிகளைத் தோண்டி எடுத்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கு முன்பே, எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினார்கள். கடப்பாரை 'டொக்' என்றது. பெரிய தாழி. மேல்பாதி நொறுங்கிவிட்டது, அடிப்பாதிக்குள் மண் இறுகிக் கிடந்தது. கயிறு கட்டி நாலு பேர் இழுத்துத்தான் வெளியே வந்தது, அதுவும் பாதித் தாழி. வீட்டுக்கார அம்மா எலும்பைப் பார்த்ததும் சூடம் கொளுத்திவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டார்கள். வி.ஏ.ஓ.விடம் சொல்லியிருக்க வேண்டும், அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

* * *

அனுப்பானடி அண்ணனுக்கு நன்றி. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பாதிக்கு நாலு பேருன்னா முழுசுக்கு எட்டு பேரு. உள்ள மண்ணு இல்லாட்டி ஆறு" என்று கணக்குப் போட்டவர், கொஞ்சம் பொறுத்து, "ஈரத்தோட அங்கனயே வனைஞ்சு, அங்கனயே சுட்டிருந்தா?" என்றார். அடுத்த தடவை ஈமக்காட்டுப் பக்கம் சூளைச் சாம்பல் தெரிகிறதா பார்க்க வேண்டுமாம். தாண்டிக்குடிக்கும் வருகிறாராம். வத்தலக்குண்டு நண்பரே, மேலே பஸ் எத்தனை மணிக்கு?