உப்புக் காத்துக்கு எந்த வாக்ஸ்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில, கடற்கரையோரம் நிக்கிற கறுப்புக் கார். கார்னோபாவா (ஒரு வகைப் பனை இலை மெழுகு), சின்தெட்டிக் சீலண்டா (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) நல்லது?

பதில்: சீலண்ட்தான். கார்னோபா மினுக்கம் தனி வடிவு, ஆனா எங்கட வெயிலுக்கு 2 மாதம் நிண்டாலே பெரிய விசயம். சீலண்ட் 4 மாதமாவது தாங்கும்.

பதில்: டப்பாவை விடுங்கோ, கழுவுறதுதான் முக்கியம். உப்பு, மணலுக்கு மேல தேய்ச்சா கறுப்பில வட்டக் கீறல் விழும். ஷாம்பூவால கழுவி, க்ளே பார் (ஒட்டிப் பிடிச்ச அழுக்கை எடுக்கிற களிமண் கட்டி) போட்டு, நிழலில பொனற் குளிர்ந்திருக்கேக்க மெல்லிசாப் பூசுங்கோ. தடிப்பாப் பூசினா காயாது, துடைக்கேக்க இழுபடும். விரலால இழுத்துப் பாருங்கோ. கோடு சுத்தமா வந்தாத் துடைக்கலாம்.

கேள்வி: கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கு?

பதில்: வாக்ஸ் படவிடாதேங்கோ, வெள்ளை பிடிச்சிடும். முதலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கோ. புதுசாப் பெயின்ற் அடிச்ச இடமெண்டா 2, 3 மாதம் பொறுங்கோ.