அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு மணி நேரம் மாற்று ஆள்: எப்படித் தொடங்குவது?

சேரம்பாடி மகள் கேட்டது:

வணக்கம். நான் நீலகிரியில் பந்தலூர் தாலுகா, சேரம்பாடி பக்கம். அம்மாவுக்கு 76 வயது. எழுபதுகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து டான்டீ (அரசு தேயிலைக் கழகம்) தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடமாக மறதிநோய். பகலில் பரவாயில்லை, ராத்திரிதான் கஷ்டம். மூன்று மணிக்கு எழுந்து "பேரட்டுக்கு நேரமாச்சு" (காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடுவதுதான் பேரட்டு) என்று, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குக்குப் பதிலாகப் போர்வையைக் கட்டிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிறார். வெளியே யானை நடமாட்டம். அதனால் கதவை ஒட்டிப் பாய் போட்டுத்தான் நான் படுக்கிறேன்.

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மாதம் ஒருமுறை வருவார். மகன் பத்தாம் வகுப்பு. நானும் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான், அம்மாவுக்காக நின்றுவிட்டேன். கடைவாய்ப் பல் நான்கு மாதமாக வலிக்கிறது. கூடலூர் போய்க் காட்டிவிட்டு வர அரை நாள் ஆகும், அந்த அரை நாள் எனக்குக் கிடைக்கவே இல்லை.

எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) ஆறு பெண்கள் முறை வைத்து வந்து உட்காருகிறோம் என்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரு பயம், நாங்கள் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று. இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அரசு உதவி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):

தங்கச்சி, முதலில் ஒன்று. இந்த ராத்திரி எழுந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா, இல்லை ஒரு வாரத்துக்குள் திடீரென்று கூடியதா? திடீர் என்றால் உடனே சிறுநீர் பரிசோதனை செய்துவிடுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாது, குழப்பமும் பிதற்றலும்தான் முதலில் வரும். வீட்டில் எல்லோரும் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மலச்சிக்கல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவையும் காரணமாகலாம். நம்ம மலையில் குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள். வெந்நீரோ கஞ்சியோ மணிக்கொருமுறை அரை டம்ளர் கொடுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதே திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு, வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து வையுங்கள். கூடலூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416, அது மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அம்மாவுக்காக மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

ராத்திரிக்கு ஒரு யோசனை. பகலில் கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது. பகல் தூக்கம் குறைந்தால் ராத்திரி நடை கொஞ்சம் குறையும். "பேரட்டு எல்லாம் இல்லை, நீ ரிட்டயர் ஆகிட்டே" என்று வாதாட வேண்டாம். "இன்னைக்கு மழை, வேலை இல்லைன்னு கங்காணி சொல்லிட்டாரும்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, குளிருக்குச் சட்டியில் கரி நெருப்பு வைத்துவிட்டுக் கதவு ஜன்னலை அடைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உதவிக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மேல்மலை விவசாயி:

நான் கொடைக்கானல் மேல்மலை. எங்கள் ஊரில் மூன்று வருடமாக ஒன்பது பேர் இதைச் செய்கிறோம், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். நாங்கள் தொடங்கியது தப்பாகத்தான். முதல் வருடம் காசு திரட்டி வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கம்பளி கொடுத்தோம். பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பையன் கம்பளியை வாங்கி வைத்துவிட்டு, "அண்ணே, பூண்டு வெட்டி ஒரு மாசமா வீட்டுல கிடக்கு, வடுகபட்டி சந்தைக்குப் போயிட்டு வர ஒருநாள் யாராவது அப்பாகூட இருப்பீங்களா" என்று கேட்டான். அவ்வளவு நாளாக நாங்கள் யாரும் அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. அன்றைக்குத்தான் மாற்றினோம்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றே இருந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை பத்து முதல் பன்னிரண்டு என்று கிழமையும் நேரமும் வைத்து, மழையோ வெயிலோ போய் நில்லுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு வெளியே வேலை இல்லை என்றாலும் போங்கள், அந்த நேரத்தில் அவர் தூங்கட்டும்.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். முதல் வருடமே எங்களுக்கு ஒரு விபத்து நடந்தது. எங்கள் ஆள் ஒருவர் ஒரு பெரியவரைத் தனியாகக் கழிப்பறைக்குத் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்தார்கள், பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வீட்டார் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் தூக்கப் போன எங்கள் ஆள் ஆறு மாதம் யார் வீட்டுக்கும் போகவில்லை. அதற்கப்புறம்தான் சில முடிவுகள் எடுத்தோம். தனியாக யாரும் தூக்கக் கூடாது. மாத்திரையை வீட்டார் எடுத்து வைத்தால் மட்டும் கொடுக்கலாம், நாமாக எதுவும் கொடுக்கக் கூடாது. பணம், நகை, ஏடிஎம் அட்டை, கையெழுத்து எதிலும் கை வைக்கக் கூடாது. முதல் நான்கு தடவை வீட்டார் இருக்கும்போதே இரண்டு பேராகப் போய்ப் பழக வேண்டும், பெரியவருக்கு நம் முகம் பழகும், நமக்கு அவர் பழக்கவழக்கம் தெரியும். வாசல் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டோம். என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை சிறுநீர் போனார், விழுந்தாரா, அழுதாரா, எல்லாம் அதில் எழுதுவோம். செவிலியர் வந்தால் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

கூடலூர் டவுன்:

இது நம்ம பக்கத்திலேயே நடக்கிற விஷயம்தான். 1993-இல் கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, அப்புறம் மலப்புறம் பக்கமெல்லாம் ஊருக்கு ஊர் பரவியது. வாரம் இரண்டு மணி நேரமாவது கொடுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களே வீடு வீடாகப் போகிறார்கள். கடைக்காரர், ஆட்டோக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். மருத்துவரும் செவிலியரும் பின்னால் துணையாக இருப்பார்கள். கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கினால் நிலம்பூர், அது மலப்புறம் மாவட்டம்தான். உங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் ஒருநாள் போய் அவர்கள் கூடவே வீடுகளுக்கு நடந்து பார்த்துவிட்டு வரட்டும். மலையாளம் உங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும்தானே.

உங்கள் லயத்தில் பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருந்தால் தாயுமானவர் திட்டம் பற்றி ரேஷன் கடையில் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கியது, பொருள் வீட்டுக்கே வரும்.

கோயம்புத்தூரில் இருப்பவன்:

நானும் இதே நிலைமைதான், ஆனால் மறுபக்கம். அப்பா ஊட்டி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்), தங்கை பார்த்துக்கொள்கிறாள். நான் பணம் அனுப்புகிறேன். இதைப் படித்ததும் ஒரு மாதிரி இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் வேறு என்ன செய்யலாம்?

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):

தம்பி, பணத்தை நிறுத்திவிடாதீர்கள். போன் பண்ணும்போது "அப்பா எப்படி இருக்கார்" என்பதற்கு முன்னால் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா" என்று தங்கையைக் கேளுங்கள். வருடத்தில் ஒருமுறை பத்து நாள் லீவு போட்டு வாருங்கள், விருந்தாளியாக வேண்டாம். குளிக்க வைப்பது, ராத்திரி எழுந்திருப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, அவளை எங்கேயாவது அனுப்பி வையுங்கள். முதல் இரண்டு நாள் அவள் போக மாட்டேன் என்பாள். வற்புறுத்துங்கள்.

சேரம்பாடி மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சிறுநீர் பரிசோதனை செய்தோம், தொற்று இருந்தது. மருந்து முடிந்த பிறகு ராத்திரி எழுந்திருப்பது வாரம் ஒன்றிரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. கங்காணி மழை என்று சொன்னார் என்றதும் "நல்லதாப் போச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்கு தடவை நான் கூடவே இருந்தேன். ஐந்தாவது செவ்வாய் கூடலூர் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மேங்கோரேஞ்ச் தாண்டும்வரை மனசு வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் எதிர்வீட்டு அக்கா ஒரு கூடை அரைக்கீரையை அம்மா முன்னால் வைத்திருக்கிறார். அம்மா கீரையை ஆயவில்லை. தண்டின் நுனியில் இரண்டு இலையும் குருத்துமாகப் பார்த்துக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார், அங்கே கூடை இருப்பது மாதிரியே. தரையெல்லாம் கீரை. அக்கா அதைப் பொறுக்கி மறுபடி முன்னால் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், நான் வரும்வரைக்கும். நோட்டில் அவர் எழுதியிருந்தது: "கஞ்சி ஒரு கிண்ணம். தண்ணி நாலு தடவை. எட்டு கிலோ எடுத்தேன்னு சொன்னாங்க."

இப்போது செவ்வாயும் சனியும் ஆள் இருக்கிறது. வியாழன் வர வேண்டிய பெண்ணுக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிட்டதால் அந்த நாள் காலியாக இருக்கிறது. உப்பட்டி, அய்யன்கொல்லி பக்கம் யாராவது வர முடியுமா?