இரண்டு டிரம்மர்களுடன் மெல்வின்ஸை நேரில் கேட்டது

ஸ்லட்ஜ் மெட்டல், அதாவது மெதுவாக, கனமாக ஒலிக்கும் மெட்டல் இசை, வாசிக்கும் குழுக்களை நேரில் கேட்டவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்டது மெல்வின்ஸ் என்ற அமெரிக்கக் குழுவை.

சியாட்டிலில் வேலை பார்த்த காலத்தில் போனேன். அப்போது குழுவில் இரண்டு டிரம்மர்கள். டேல் குரோவர் வலக்கைக்காரர், கோடி வில்லிஸ் இடக்கைக்காரர். அதனால் இரண்டு டிரம் செட்டையும் ஒட்டிப் போட்டு, ஒருவருக்கு ஒருவர் கண்ணாடி பார்ப்பதுபோல வாசித்தார்கள். நான் நின்றது அவர்களுக்கு நேர் எதிரே. நாலு கையும் ஒன்றாக மேலே போகும், நிற்கும், அப்புறம்தான் இறங்கும். அந்த இடைவெளி முழுக்க குழுவின் பாடகர் பஸ் ஆஸ்போர்னின் கிட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். அடி விழுந்தால் பேன்ட் துணி காலோடு படபடக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தும் நெஞ்செலும்பு அதிர்ந்தது.

டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவது, எல்லா மெட்டல் குழுவிடமும் இருக்கிறது. அடுத்த அடிக்காக இப்படிக் காக்க வைக்கிற துணிச்சல்தான் அபூர்வம். என்னைக் கேட்டால், மெல்வின்ஸின் கனம் முழுக்க டேலின் கையில் இருக்கிறது.

1983இல் வாஷிங்டன் மாநிலத்தின் மான்டசானோ என்ற சிறிய ஊரில் தொடங்கியவர்கள். முதலில் ஹார்ட்கோர் என்ற வேகமான பங்க் இசையைத்தான் வாசித்தார்கள். 1984இல் பிளாக் ஃபிளாக் என்ற ஹார்ட்கோர் குழுவின் ‘மை வார்’ இசைத்தட்டு வந்தது. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஊர்ந்து போகும் பாட்டுகள். அது இவர்களை ஆழமாகப் பாதித்தது. அதே ஆண்டு டேல் சேர்ந்தார். அன்றிலிருந்து பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், பஸ்ஸும் டேலும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள். பக்கத்து ஊர் அபர்டீனைச் சேர்ந்த, நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இவர்களுடைய தீவிர ரசிகராக இருந்தார். நிர்வாணாவின் ‘பிளீச்’ ஆல்பத்தில் ‘ஃபிளாய்ட் த பார்பர்’, ‘பேப்பர் கட்ஸ்’ இரண்டையும் கேட்டுப் பாருங்கள், டிரம்ஸ் டேல்தான். அந்தக் கை உடனே தெரிந்துவிடும்.

1993இல் ‘ஹூடினி’ மூலம் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். மூன்று ஆல்பங்களோடு அந்த உறவு முடிந்தது. அதற்காக ஓய்ந்துவிடவில்லை. 2012இல் அமெரிக்காவின் 50 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி. என்று 51 நாளில் 51 நிகழ்ச்சிகள் நடத்தினார்கள்!

புதிதாகக் கேட்கிறவர்கள் 1991இல் வந்த ‘புல்ஹெட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘போரிஸ்’ஸில் ஆரம்பியுங்கள். எட்டரை நிமிடம். ஜப்பானின் போரிஸ் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், நல்ல பேஸ் உள்ள ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள்.