நீலகிரியில் மேய்ச்சல் வெளி வேலிக்குள் போனதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைக்காற்று:
ஊட்டிக்கு மேற்கே ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, எருமை ஓட்டும் தோடர் பெரியவரோடு மேட்டில் ஏறினோம், உச்சியில் கம்பிவேலி, உள்ளே கேரட். முன்னால் போன எருமை வேலியில் கழுத்தை வைத்தபடி நின்றுவிட்டது, எவ்வளவு அதட்டியும் திரும்பவில்லை. "இவளோட அம்மா இப்படித்தான் தண்ணிக்குப் போவா" என்றார். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்து, பிறகு ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தோடர் நிலத்தை வாங்கினாரே, வேலி அப்போதே ஆரம்பித்துவிட்டது என்பேன்.

கோத்தகிரி ஹட்டி:
கேரட் என்றதும் விவசாயம் செய்யும் எங்கள் படகர் சமூகத்தைக் கைகாட்டுவீர்கள், தெரியும். எங்கள் முன்னோர் ஒரு சரிவில் விதைத்துவிட்டு அதைச் சில வருஷம் புல்லுக்கு விடுவார்கள், மாடு மேயும். வெள்ளைக்கார அரசுதான் அந்த முறையை நிறுத்தி, பிடித்து வைத்திருக்கும் நிலத்துக்கெல்லாம் தீர்வை கட்டு என்றது. சும்மா கிடக்கும் புல்லுக்கு யார் வரி கட்டுவார்? 1961-ல் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடித்த பிறகு தாத்தா தேயிலை வைத்தார். மாட்டை விற்ற அன்று பாட்டி சாப்பிடவில்லை. புல்வெளி முழுக்கத் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரம் நட்டது நாங்களா?

எமரால்டுக்காரன்:
கோயில் கூரைக்குப் புல் அறுக்கப் போன தோடர்களோடு போனேன். புல் வளரும் சதுப்பில் வாய்க்கால் வெட்டிக் காய்கறி போட்டிருந்தார்கள், அரிவாளோடு வெறுங்கையாகத் திரும்பினோம். சரி, புலம்பி என்ன ஆகப்போகிறது? 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் சமூக உரிமையாகவே இருக்கிறது. கிராம சபையைக் கூட்டி வன உரிமைக் குழு அமையுங்கள், பி படிவத்தில் கேளுங்கள். பழைய கெசட்டியர், நில அளவை ஆவணம், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சாட்சியாகச் செல்லும். எருமைத்தடம், நீர்நிலை, கோயில் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள், மழைக்கு முன் நடந்து பாருங்கள், தடம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்குங்கள்.

மலைக்காற்று:
எமரால்டு அண்ணா, அது வன நிலத்துக்குத்தானே? நான் பார்த்த கேரட் தோட்டம் தோடர் பட்டா. விற்க முடியாது, அதனால் பெரியவரே குத்தகைக்கு விட்டிருக்கிறார், பேத்தி கல்லூரிக் கட்டணத்துக்கு. ஹட்டி அண்ணா, உங்கள் ஊரில் புல்லுக்கு விட்ட சரிவு இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறதா?