அந்தமான் ஹேவ்லாக் ஸ்கூபா டைவிங்: பையில் எது விட்டுப்போச்சு? அனுபவம் பகிருங்க

கடல்குதிரை
டிக்சன்ஸ் பினக்கிள்ங்கற டைவ் இடம், 18 மீட்டர் ஆழம். எல்லாரும் பவளத்தைப் பார்த்துட்டிருக்காங்க, புது மாஸ்க்காரர் மட்டும் கண்ணாடியில ஆவி படிஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மூக்கால ஊதிட்டே இருக்கார். மத்தவங்க கேஜ்ல மிச்சக் காத்து 120 பார், அவருக்கு 70. விலை ஒசந்த மாஸ்க்தான், குறை அதுல இல்ல. புதுக் கண்ணாடியில தயாரிக்கும்போதே ஒரு சிலிக்கான் படலம் படிஞ்சிருக்கும். அது போகாம எந்த ஆன்டி-ஃபாக் (ஆவி படியாம தடுக்கற மருந்து) போட்டாலும் நிக்காது. வெள்ளை டூத்பேஸ்ட்டை (ஜெல் வேண்டாம், அதுல உரசல் பத்தாது) உள்பக்கம் தடவி ரெண்டு நிமிஷம் விரலால தேய்ச்சுக் கழுவுங்க. நாலஞ்சு தடவை, வீட்லயே. அப்புறம் ஆன்டி-ஃபாக்கா பேபி ஷாம்பூ ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, 30 மில்லி பாட்டில்ல. ஒரு வாரத்துக்குத் தாராளம். படலத்தை லைட்டர்ல சுடற முறையும் இருக்கு, சீக்கிரம் முடியும்.

முரல்
லைட்டரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் சார். கண்ணாடி ஓரத்தில் 'டெம்பர்டு' என்று பொறித்திருந்தால் மட்டும்தான் நெருப்பு. பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் கருகிவிடும், பவர் லென்ஸ் ஒட்டிய மாஸ்க் என்றால் பசை இளகும், சுடர் சிலிக்கான் விளிம்பில் பட்டால் மாஸ்க்கையே தூக்கிப்போட வேண்டியதுதான். கம்பெனியிலேயே ஆன்டி-ஃபாக் பூச்சு கொடுத்து வரும் மாஸ்க்குக்கு டூத்பேஸ்ட்கூட ஆகாது, பூச்சு உரிந்துவிடும். அட்டையில் எழுதியிருப்பதை முதலில் படிக்கவும்.

கண்ணாடி போடுபவர்களுக்கு: ரெடிமேட் பவர் லென்ஸ் 0.5 படிகளில்தான் வரும். மைனஸ் 2.75 என்றால் 2.5 போதும், தண்ணீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும். காண்டாக்ட் லென்ஸ் என்றால் சாஃப்ட் மட்டும், தினம் வீசுகிற வகை, ஒரு நாளைக்கு இரண்டு ஜோடிக் கணக்கில்.

அடிக்காற்று
வால்வைத் திறந்ததும் "ஸ்ஸ்ஸ்ஸ்". படகு கரையை விட்டு 40 நிமிஷம் வந்தாச்சு. பார்த்தா சிலிண்டர் வாய்ல இருக்கற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிதுங்கி, அறுந்த ஒரு முனை மீசை மாதிரி வெளிய தொங்குது. சில்லறைக் காசு சாமான், ஒரு டைவ் போச்சு.

டைவ் சென்டர்ல எல்லாம் வச்சிருப்பாங்கதான். ஆனா அது கரையில இருக்கற டப்பாவுல இருக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு கையோட வச்சுக்கோங்க: யோக் வால்வுக்கு (ரெகுலேட்டரை, அதாவது மூச்சுக் கருவியை, கவ்விப் பிடிச்சு மாட்டற வகை) 014 அளவு ஓ-ரிங் பத்து, கடினம் 90 டியூரோ (சாதா 70 வாங்கினா 200 பார்ல பிதுங்கும்). ஹோஸுக்கு 011 ரெண்டு, 012 ரெண்டு. பிரஷர் கேஜ் திரும்பற இடத்துல குமிழி வந்தா உள்ள இருக்கற ஸ்பூல்ங்கற சின்னக் குழாய்தான் காரணம், அதுக்கு 003 ரெண்டு. ஓ-ரிங் எடுக்க ஊக்கு வேண்டாம், பள்ளத்துல கீறல் விழுந்தா புது ஓ-ரிங்கும் ஒழுகும். பித்தளை இல்ல பிளாஸ்டிக் குச்சி. மவுத்பீஸ் ஒண்ணு, அதைக் கட்ட கேபிள் டை பத்து, ஆறங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். கேபிள் டை வாலை வெட்டின முனை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கணும், உதட்டுப் பக்கம் வந்தா கிழிக்கும்.

டின் (திருகி மாட்டற வகை) ரெகுலேட்டர் வச்சிருக்கறவங்க யோக் அடாப்டர் எடுத்துக்கோங்க. இந்தியாவுல வாடகை சிலிண்டர் பெரும்பாலும் யோக்.

பாசிமணி
சென்னை ஏர்போர்ட் செக்யூரிட்டில ஒரு டைவ் டார்ச் தட்டுல தானா எரிய ஆரம்பிச்சுது, பிளாஸ்டிக் தட்டு சூடாகி நாத்தம். தண்ணிக்குள்ள குளிர்றதை நம்பித்தான் அதோட வடிவமைப்பே. காத்துல ரெண்டு மூணு நிமிஷம் எரிஞ்சாலே கொதிக்கும். பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் பையில வைக்கணும். உபரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில மட்டும், ஒவ்வொண்ணும் தனி உறையில. வோல்ட்டை ஆம்பியர்-மணியால பெருக்குங்க: 3.7 வோல்ட், 5,000 எம்ஏஎச்னா 18.5 வாட்-மணி. 100 வரைக்கும் பிரச்சினை இல்ல. 100லேர்ந்து 160க்கு ஏர்லைன்ஸ் அனுமதி வேணும், அதுக்கு மேல கூடாது. கத்தி, ஸ்பேனர் செக்-இன்ல.

கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர் பேட்டரியும் ஒண்ணு. CR அளவுல 2430 வேற, 2450 வேற. அகலம் ரெண்டும் 24.5 மிமீ, தடிமன் 3, 5. மாத்திப் போட்டா மூடாது, இல்ல ஆடும்.

@அடிக்காற்று, ஓ-ரிங் சொன்னீங்க, கிரீஸ் சொல்லலையே? கேமரா ஹவுசிங் (தண்ணி புகாத கூடு) ஓ-ரிங் சிலிக்கான்ல செஞ்சதா இருந்தா சிலிக்கான் கிரீஸ் அதை ஊத வச்சிடும். ஹவுசிங்கோட வந்த கிரீஸை மட்டும் போடுங்க, பளபளப்பு தெரியற அளவு. அதிகம் போட்டா மணலும் முடியும் ஒட்டும். ஒரு முடி போதும் தண்ணி உள்ள வர.

நடுக்கடல்
படகு நூறு மீட்டர் தள்ளிப் போகுது. அலைக்கு நடுவுல ரெண்டு கறுப்புத் தலை, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியல. நேராத் தாண்டிப் போயிட்டார். எஸ்எம்பி (தண்ணி மேல நிமிர்ந்து நிக்கற காத்தடைச்ச அடையாள மிதவை) ஆளுக்கு ஒண்ணு வேணும், கைடு கையில இருக்குன்னு விடாதீங்க. ஆரஞ்சு, 1.8 மீட்டர், 15 மீட்டர் கயிறு சுத்தின ஃபிங்கர் ஸ்பூல். 5 மீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு காத்து ஊதினா மேல போறப்ப முழுசா நிமிரும். 10 மீட்டர்ல பாதி போதும். ஸ்பூலை பிசிடில (காத்தடைக்கிற டைவ் ஜாக்கெட்) மாட்டிட்டு ஊதக் கூடாது, சிக்கினா உங்களையும் சேர்த்து மேல இழுத்துட்டுப் போகும். விசிலும் ஒண்ணு.

அல்லிக்கொடி
யாரும் காது, மூக்கைப் பத்திப் பேசல, அதனால சொல்றேன். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டு இறங்கினவர் ஏறி வர்றப்ப 6 மீட்டர்ல நெத்தியைப் பிடிச்சுட்டு நின்னுட்டார். மருந்து வேகம் கீழ இருக்கும்போதே தீர்ந்துடுச்சு, விரியற காத்துக்கு வெளிய வர வழியில்ல. சளி இருந்தா அன்னிக்கு இறங்காதீங்க, மாத்திரை அதுக்குப் பதில் இல்ல.

தினமும் மூணு டைவ் அடிச்சா காதுக்குழாய்த் தோல் ஊறி வீங்கும். கடைசி டைவ் முடிஞ்சதும் வெள்ளை வினிகரும் ரப்பிங் ஆல்கஹாலும் சமபாகம் கலந்து ஒவ்வொரு காதுலயும் நாலஞ்சு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் சாய்ஞ்சிருந்து வடிச்சிடுங்க. செவிப்பறையில ஓட்டை இருக்கோன்னு சந்தேகம் வந்தாலே கூடாது. காதுகுச்சி கொண்டே போகாதீங்க. படகு குமட்டலுக்கு மாத்திரை ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, தூக்கம் வருதான்னு ஊர்லயே ஒரு நாள் போட்டுப் பார்த்துட்டு.

மெடிக்கல் ஃபார்ம்ல ஆஸ்துமா, பிரஷர்னு ஒரு 'ஆமாம்' விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வேணும். ஊர்லயே வாங்கிடுங்க. அங்க போய் டாக்டரைத் தேடறதுல ஒரு நாள் போயிடும்.

கடல்குதிரை
பையைப் பத்திக் கேட்டா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டீங்க அக்கா 😄 வினிகரை எழுதிக்கிட்டேன்.

நண்டுவளை
போகும்போது 14.6 கிலோ. திரும்பும்போது அதே பை, அதே சாமான், தராசு 17.8. உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 தான். வெட்சூட் தண்ணீரைக் குடித்திருந்தது, பிசிடிக்குள்ளும் தண்ணீர் நின்றிருந்தது. 3 மிமீ சூட்டைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் மடித்துப் போட வேண்டும், உட்புறம் வெளியே வர. தீவுக் காற்றின் ஈரத்தில் ஒரு ராத்திரி பத்தாது, மின்விசிறிக்குக் கீழே வைக்கவும். பிசிடியில் காற்று நிரப்பித் தலைகீழாகப் பிடித்து, டம்ப் வால்வு வழியாகத் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை வடிக்கணும். பல நாள் டைவ் என்றால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரம் குறைந்தபட்சம், 24 விட்டால் நல்லது. அந்த ஒரு நாளைக் காயப்போடவே வைத்துக்கொள்ளுங்கள். பவளத் துண்டு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். கடினப் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, செத்த துண்டுக்கும் அதே சட்டம்.

முரல்
ரொக்கமும் கொஞ்சம். 2020ல் சென்னையிலிருந்து கடலடி இன்டர்நெட் கேபிள் போட்டாகிவிட்டது என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: கரண்ட் போனால் யுபிஐயும் போகும்.

நடுக்கடல்
கடல் வத்தின நேரம்னா படகு வரைக்கும் பாறை மேல நடக்கணும். ஃபுல்-ஃபுட் ஃபின் (வெறுங்காலை நுழைக்கிற துடுப்பு) மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு பூட்டி (டைவ் காலணி) வேண்டாம்னு கடைல சொல்வாங்க, கேட்காதீங்க. பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி போதும்.